இருபது மில்லிக்கியூரி அங்கம்மா

அரச சொத்தைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனினதும் தலையாய கடமையாகும். இதை நான் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக் கந்தோரில் மஞ்சள் மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. எழுதினவன் நான்தான் என்பது வேறு விஷயம். முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞனாகக் குப்பை கொட்டினேன். மேலே இருந்து என்ன சொன்னார்களோ அதை எழுதினேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கண்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். அதற்கென்று ஒரு சுற்றுநிருபம் கட்டாயம் எங்கேயாவது வைத்திருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு எங்களுக்கு இரண்டு சாமான் வந்து சேர்ந்தன. ஒன்று, ஒரு பெரிய கமரா. எக்ஸ்ரே மாதிரி இல்லை இது. கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது ஓடிப்போய் எலும்பில் உட்காரும். எங்கே நோய் பிடித்திருக்கிறதோ அங்கே கூட்டமாகச் சேரும், தேநீர் நேரத்தில் நாங்கள் கன்டீனில் சேர்கிற மாதிரி. கமரா அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்துக் காட்டும். நல்ல வேலை. எத்தனையோ பேர் பிழைத்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஆறு மணித்தியாலத்தில் தன்பாட்டில் பாதியாகிவிடும். யாரும் தொட வேண்டாம், திருட வேண்டாம், அலுமாரியில் வைத்து இரண்டு பூட்டுப் போட்டாலும் பாதிதான். காலையில் இருபது என்றால் பின்னேரம் பத்து, இரவு ஐந்து. இதைக் கேட்ட அன்று எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் சுந்தரலிங்கம் ஐயாவுக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"கையெழுத்து இல்லாமல் குறையிற சாமான் அரசாங்கத்திலை இருக்கேலாது காணும்," என்றார்.

"விஞ்ஞானம் சேர்," என்றேன்.

"விஞ்ஞானம் எண்டால் பிறகென்ன, அதுக்கும் ஒரு ஃபோர்ம் இருக்கத்தானே வேணும்?"

ஐயா கெட்டவர் இல்லை. எட்டு மணிக் கந்தோருக்கு ஏழே முக்காலுக்கு வந்து நிற்பார். யாரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை. அதுதான் எங்கள் தலைவிதி. வாங்குகிற மனுஷனாக இருந்திருந்தால் அங்கம்மாவின் கதை ஒரு நூறு ரூபாய்த் தாளோடு முடிந்திருக்கும்.

வந்து சேர்ந்த இரண்டாவது சாமான் ஜப்பான்காரன் முறை. அந்த வருஷம் நாடு முழுக்க அந்தப் பைத்தியம்தான். கந்தோரைத் துப்புரவாக, ஒழுங்காக, அடையாளமிட்டு வைத்தால் உற்பத்தித்திறன் கூடுமாம். கூடினால் விருதாம். ஜப்பான்காரன் வேலையும் செய்து லேபிளும் ஒட்டினான். நாங்கள் லேபிளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கதிரையில் 'கதிரை', அலுமாரியில் 'அலுமாரி', லேபிள் அடிக்கிற மெஷினில் 'லேபிள் மெஷின்'. குப்பைக் கூடைக்குத் தரையில் மஞ்சள் கோட்டில் ஒரு கட்டம். கூடை அதைவிட்டு அரை அங்குலம் நகர்ந்தால் எனக்கு ஏச்சு.

இந்த இரண்டோடு ஒரு சுற்றுநிருபத்தின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். முந்தின வருஷம் களஞ்சியத்தில் நாலு போத்தல் ஸ்பிரிட் காணாமல் போனது. வெற்றுப் போத்தல்கள் உள்ளேயே கிடந்தன. கேட்டைத் தாண்டி எவனும் எதையும் தூக்கிப் போகவில்லை. ஏழு மாதம் விசாரணை நடத்தி, மூன்று பேர் கொண்ட குழு கண்டுபிடித்தது: மேற்படி சொத்து ஒரு சிற்றூழியரின் வயிற்றினுள் வைத்து வெளியே கொண்டுசெல்லப்பட்டுள்ளது. உடனே பதினேழாம் இலக்கச் சுற்றுநிருபம் திருத்தப்பட்டது. "அரச சொத்து எதுவும், எவ்வடிவத்திலும், மனித உடல் உட்பட எக்கொள்கலனிலும், வாயில் அனுமதிச் சீட்டின்றி வெளியேறலாகாது." நான்தான் தட்டெழுத்தில் அடித்தேன். அடிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனி அங்கம்மா. கலகெதரப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள், ஐம்பத்து நாலு வயது. மார்பில் கட்டி. நோய் எலும்புக்குப் பரவவில்லை என்று கமராப் படம் காட்டினால் வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். படம் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. வரிசையில் மறுபடி நின்று கமராவுக்குத் திகதி எடுக்க நாலு மாதம். இந்தத் திகதியும் அவள் மூன்று மாதம் காத்திருந்து எடுத்ததுதான். ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் அவள் அரசாங்கத்திடம் கேட்டது.

காலை ஒன்பது மணிக்குக் கமரா அறை மிஸ் றிஸானா ஊசி போட்டாள். இருபது மில்லிக்கியூரி. "அம்மா, நல்லா தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க, பன்னெண்டு மணிக்குக் கட்டாயம் வந்துருங்க," என்றாள். பிறகு ஐயாவின் உத்தரவுப்படி அங்கம்மாவின் கையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். 'கதிரியக்க மருந்து. 20 மில்லிக்கியூரி. அரச சொத்து.' அன்றைக்கு விருதுக்குப் புள்ளி போட நடுவர்கள் வருகிறார்கள். லேபிள் இல்லாமல் ஒரு ஈ கூடப் பறக்க ஏலாது.

தண்ணீர் குடிக்கச் சொன்னது சரி. எங்கே குடிப்பது? கன்டீனுக்கு அன்று புதுப் பெயின்ட், கதவு சாத்தியாச்சு. பாத்ரூமுக்குப் போகச் சொன்னதும் சரி. பொதுக் கழிப்பறையைத் திங்கட்கிழமையே கழுவி, வாசனை அடித்து, பூச்சட்டி வைத்துப் பூட்டிவிட்டோம். 'நடுவர் பரிசோதனை முடியும் வரை பாவிக்க வேண்டாம்' என்று கதவில் அறிவித்தல். அதுவும் என் கையெழுத்துதான்.

அங்கம்மா மகள் சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு, பாதைக்கு அந்தப்பக்கம் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குக் கிளம்பினாள். கேட்டில் காவலுக்கு நின்றது ஹபீல், மடவளை ஆள், நல்ல மனுஷன். ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டான்.

"உம்மா, கொஞ்சம் நில்லுங்க. அரச சொத்துன்னு போட்டிருக்கே. பாஸ் எங்க?"

"எதுக்குங்க பாஸு? நான் எதையும் எடுத்துக்கிட்டுப் போகலையே," என்று அங்கம்மா பையைத் திறந்து காட்டினாள். ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், ஒரு பனியன் துண்டு, கிளினிக் கொப்பி. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் சனம் எந்தக் கேட்டில் மறித்தாலும் கேட்கிறதற்கு முந்தியே அடையாள அட்டையை நீட்டிப் பழகியிருந்தது. அவளும் நீட்டினாள்.

"அட்டை சரி உம்மா. உள்ளுக்குள்ள இருக்கிற மருந்துக்குத்தான் பாஸ். நான் விட்டா என்ட வேல போயிரும். ஒரு நிமிஷ வேல, கந்தோர்ல எடுத்துட்டு வந்துருங்க."

அந்த ஒரு நிமிஷத்துக்கு அவளை என் மேசைக்குக் கூட்டி வந்தான். அப்போது மணி பத்தரை.

நான் அனுமதிச் சீட்டை எடுத்தேன். மூன்று பிரதி. பொருளின் பெயர்: கதிரியக்க மருந்து. அளவு: இருபது. உள்ளே போய் ஐயாவிடம் நீட்டினேன். பேனையைத் திறந்தார், மூடினார்.

"இருபது எண்டது ஒன்பது மணிக் கணக்கு. இப்ப எவ்வளவு?"

கமரா அறைக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். றிஸானா அட்டவணையைப் பார்த்து, பதினேழு கிட்ட என்றாள்.

"மிச்சம் மூண்டு எங்கை?"

"தானாகவே குறைஞ்சிருக்கு சேர்."

"அது சரி. ஆனால் இருபது எண்டு எழுதின பேப்பரிலை நான் கையெழுத்து வைச்சால், மூண்டு மில்லிக்கியூரியை நான் திண்டதாத்தான் வரும். பதினேழு எண்டு அடிச்சுக் கொண்டு வாரும்."

அடித்தேன். அப்போது எங்களிடம் இருந்தது 'ட' எழுத்து மேலே குதிக்கிற பழைய தட்டெழுத்து மெஷின். மூன்று பிரதியும் அடித்து, சரிபார்த்து, முத்திரை குத்திக் கொண்டு போனேன். ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

"இப்ப எவ்வளவு?"

பதினாறு. திரும்ப வந்து அடித்தேன். அதைக் கொண்டு போகும்போது பதினைந்து. சுவாமி, இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதே விளங்கியது. மருந்து குறைகிற வேகத்தில் எங்கள் கந்தோர் அடிக்க ஏலாது.

"சேர், 'சுமார்' என்று போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சுமார்! அரசாங்கத்திலை சுமார் எண்டொரு சொல்லு இல்லை."

அங்கம்மாவுக்கு மூத்திரம் நெருக்கிக்கொண்டு வந்தது. மருந்தின் பாதி அந்த வழியாகத்தான் வெளியேறும், அதனால்தான் அடிக்கடி போகச் சொல்வார்கள். மெதுவாக எழுந்து வந்து, வெட்கத்தோடு கேட்டாள். "ஐயா, பாஸ் வேணாங்க. கடைக்குப் போகல. பாத்ரூமுக்கு மட்டும் போயிட்டு வந்துர்றேன், எங்கயாச்சும்."

ஐயா பதினேழாம் சுற்றுநிருபத்தை எடுத்து விரித்தார். வாசித்தார். முகம் மாறியது.

"அம்மா, அதிலை ஒரு சிக்கல் இருக்கு. உங்கடை வயித்துக்குள்ளை இருக்கிறது பாவிச்சு முடிஞ்ச அரச சொத்து. பாவிச்சு முடிஞ்சதைக் கழிக்கிறதெண்டால் மூண்டு பேர் குழு பாத்து, கழிக்கலாம் எண்டு எழுதித் தரவேணும். நீங்களாப் போய்க் கழிச்சால் அது சட்டவிரோதம்."

"என்னங்க ஐயா சொல்றீங்க? அத மூணு பேரு வந்து பாக்கணுமா?" சந்திரிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா மனுசியா, இல்ல உங்க கிடங்கு அலுமாரியா?"

"பிள்ளை, சத்தம் போடாதையுங்கோ. நடுவர்மார் வாற நேரம்."

வரிசையில் நின்ற சனம் என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? பிறப்புச் சான்றிதழுக்கும் மருத்துவத் துண்டுக்கும் இருபது பேராவது நின்றார்கள். ஒருவர் சந்திரிகாவைப் பார்த்து, "தங்கச்சி, சார் சொல்றதக் கேட்டுட்டு ஒரு ஓரமா நில்லுங்க, எங்களுக்கும் வேல இருக்கு," என்றார். இன்னொரு அம்மா, கதிர் பட்டுவிடும் என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். கதிரியக்கம் என்ன கருவாட்டு வாடையா, மூக்கை மூடினால் நிற்க? எல்லாரும் இரண்டடி தள்ளி நின்று, வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு றிஸானா ஓடி வந்தாள். "இந்த அம்மாவ இங்க வெச்சிருக்கீங்களா? கமரா ரெடி சேர், இப்பவே கூட்டிட்டுப் போகணும்."

"தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் ஐயா. எனக்கு உயிர் வந்தது. "ஆனால் வெளியேற்ற முயன்ற பொருள் எண்டு கேட்டிலை பதிஞ்சாச்சு. இப்ப அது கந்தோர்ப் பொறுப்பிலை. கந்தோரிலை இருந்து கமராப் பிரிவுக்கு மாத்திறதுக்கு ஒரு மாற்றல் துண்டு. அளவைச் சரியாப் போட்டால் உடனை கையெழுத்து வைக்கிறன்."

"அளவு பதினாலு சேர். அத எழுதி முடிக்கிறதுக்குள்ள பதிமூணரை ஆயிரும்!"

"அப்ப பதிமூண்டரை ஆன பிறகு எழுதுவம்."

"அவங்களுக்கு வியாழக்கிழமை ஒப்பரேஷன் சேர். இண்டைக்குப் படம் எடுக்காட்டி நாலு மாசம் போகும்!"

"மிஸ், மனிதாபிமானம் வேறை, நடைமுறை வேறை. மனிதாபிமானத்துக்கு நான் எதிரானவன் இல்லை. அதுக்குத்தான் அவவை இருக்கச் சொல்லிக் கதிரை குடுத்திருக்கிறன்."

கதிரை கொடுத்தது உண்மை. ஆனால் கதிரையை வைக்க அடையாளமிட்ட இடம் கந்தோரில் எங்கும் காலியில்லை. கடைசியில் குப்பைக் கூடையை வெளியே எடுத்துவிட்டு, அந்த மஞ்சள் கட்டத்தில் கதிரையைப் போட்டோம். அங்கம்மா அதில் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயா தன் மேசையை மூன்று முழம் பின்னால் நகர்த்திக்கொண்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நானும் நகர்ந்தேன்.

ஒரு மணிக்குப் பன்னிரண்டரை. அடித்தேன். இரண்டு மணிக்குப் பதினொன்று. அடித்தேன். இரண்டேகாலுக்கு நடுவர்கள் மூன்று பேர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மட்டையும் பேனையுமாக வந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் தூசி படக்கூடாது என்று கமராவை நிறுத்தி வெள்ளைத் துணி போட்டு மூடி, மேலே 'கமரா' என்று லேபிள் வைக்க ஏற்கெனவே உத்தரவு. றிஸானா கையைப் பிசைந்துகொண்டு கதவடியில் நின்றாள்.

நடுவர்களில் ஒருவர் அங்கம்மாவிடம் நின்றார். மஞ்சள் கட்டம், கதிரை, கையில் ஸ்டிக்கர், அதில் பொருளின் பெயர், அளவு, உரிமையாளர். அவர் கண் விரிந்தது.

"இது?"

"செயன்முறையிலை இருக்கிற சொத்து," என்றார் ஐயா, மரியாதையாக.

"நோயாளிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்! இதை நாங்கள் வேறெங்கும் காணவில்லை." மட்டையில் ஏதோ பெரிதாக எழுதினார். மற்ற இருவரும் எட்டிப் பார்த்து எழுதினார்கள். ஒருவர் படமும் எடுத்தார். அங்கம்மாவுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான்.

அவர்கள் போகும்போது நாலு மணி தாண்டிவிட்டது. கமராவின் நேரம் முடிந்துவிட்டது. மருந்து ஒன்பதுக்கும் கீழே. கழிப்பறையைத் திறந்தார்கள், அங்கம்மா ஓடினாள். குழுவாவது மண்ணாங்கட்டியாவது, நடுவர் போன பிறகு யாருக்கு அக்கறை? வெளியே வந்தபோது றிஸானா அவளுடைய கொப்பியில் அடுத்த திகதியை எழுதிக்கொண்டிருந்தாள். நாலு மாதம். எழுதுகிற பிள்ளையின் கண்ணில் தண்ணீர். சந்திரிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு நான் பதினொரு தரம் அடித்திருந்தேன், மூன்று மூன்று பிரதியாக முப்பத்து மூன்று தாள். என் மேசையிலிருந்து கமரா அறைக்கு நாற்பது அடி. கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்? விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். அதையும் நானேதான் அடித்திருப்பேன்.

விருது கிடைத்தது. முதலாம் இடம். நடுவர் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கந்தோர் வாசலில் மாட்டினோம்.

ஐயா சும்மா இருக்கவில்லை. அன்று நடந்தது அவரையும் உறுத்தியிருக்கிறது. இரண்டு மாதம் இராப்பகலாக யோசித்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரியாக மருந்தின் அளவு போட்ட ஓர் அட்டவணை தயாரித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீட்டு முன்கூட்டியே அச்சடித்து, எல்லாவற்றிலும் முன்கூட்டியே கையெழுத்தும் வைத்துவிட்டார். இனி நேரத்தைப் பார்த்து உருவிக் கொடுக்க வேண்டியதுதான். உண்மையில் அருமையான ஏற்பாடு. கன்டீனும் திறந்திருந்தது, கழிப்பறையும் திறந்திருந்தது, விருதுதான் கிடைத்துவிட்டதே.

நாலு மாதம் கழித்து அங்கம்மா வந்தாள். பாதியாகியிருந்தாள். காலையில் ஊசி போட்டு, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் படம் எடுத்தார்கள். படத்தோடு டாக்டரிடம் அனுப்பினார்கள். முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் மருந்து கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நின்றதாம். ஒப்பரேஷன் இனித் தேவையில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சந்திரிகாவிடம் சொல்லிவிட்டார். இதை றிஸானா வந்து எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை.

மூன்று மணிக்கு அங்கம்மாவே கந்தோருக்கு வந்தாள். ஹபீல் கூட்டி வரவில்லை, தானாகவே வந்தாள். கையை நீட்டி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

"ஊட்டுக்குப் போகணுங்க ஐயா. பாஸ் குடுங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி வரியில் கையை வைத்தேன். பத்து மில்லிக்கியூரி, அச்சடித்தபடி, கையெழுத்தோடு. கிழித்துக் கொடுத்தேன். ஐயா உள்ளே இருந்து எழுந்து வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களோ அம்மா? இந்த முறை ஒரு நிமிஷம் கூட இல்லை!"

அங்கம்மா சீட்டை நாலாக மடித்து கிளினிக் கொப்பிக்குள் வைத்தாள். "ஆமாங்க ஐயா, சுருக்கா குடுத்துட்டீங்க," என்றாள். பிறகு கோபமே இல்லாமல், சும்மா சொல்லுகிற மாதிரி சொன்னாள். "போன தடவதாங்க எனக்கு அவசரமா இருந்துச்சு. இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல."

ஐயா தலையாட்டினார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "சேவை பற்றிய கருத்துப் படிவத்தை நிரப்பச் சொல்லும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். புது முறை அது, அடுத்த வருஷத்து விருதுக்கு வேண்டும்.

படிவத்தை நீட்டினேன். "நீங்களே போட்டுக்கங்க ஐயா," என்று அங்கம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வரிசையில் நின்ற சனம் அன்று போலவே இரண்டடி விலகி வழி விட்டது. பின்னால் நின்ற ஒருவர், "அண்ண, என்ட துண்டையும் கொஞ்சம் சுருக்கா பாருங்க," என்றார்.

படிவத்தில் ஐந்து கட்டம் இருந்தது. 'மிக மோசம்' என்பதிலிருந்து 'மிகச் சிறப்பு' வரைக்கும். பேனையை எடுத்தேன். கையெழுத்துத்தான் எனக்கு முத்து முத்தாக இருக்குமே, கடைசிக் கட்டத்தில் அழகாக ஒரு சரி போட்டேன்.